விறகும் வேலியும்

நடுவர் அவர்களே, வணக்கம். அகதிகள் வந்தால் ஊரின் பாதுகாப்பு கெடும் என்று அடித்துப் பேசிய எதிரணித் தலைவர் 1994-ல் ருவாண்டா எல்லையை ஒட்டிய கோமா நகரின் அகதி முகாம்களில் நடந்ததைச் சாட்சிக்கு இழுத்தார். சரி, அதிலிருந்தே தொடங்குகிறேன், அது நடந்த உண்மை. ருவாண்டாவில் இனப்படுகொலை செய்தவர்கள் அகதிகளோடு அகதிகளாக அன்றைய ஜைருக்குள், அதாவது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசுக்குள் நுழைந்து முகாம்களையே தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த முகாம்களில் அவர்களிடம் அடிபட்டவர்கள் யார்? ஊர் திரும்ப நினைத்த அகதிகள். போர்க்குற்றவாளிக்கு அகதித் தகுதியே கிடையாது என்கிறது அகதிகள் பற்றிய 1951 ஐ.நா. உடன்படிக்கை. எல்லையிலிருந்து தள்ளிக் குடியமர்த்துங்கள் என்று ஆப்பிரிக்க நாடுகளின் 1969 ஒப்பந்தமும் சொல்லியிருந்தது. ஆயுதக்காரர்களைப் பிரித்தெடுக்கப் படை கேட்டது ஐ.நா., நாடுகள் முன்வரவில்லை. இந்தப் பழியை உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் தலையில் கட்டலாமா?

உள்ளூர்க்காரருக்கும் வந்தவருக்கும் சண்டை எங்கே மூள்கிறது என்று பாருங்கள், அடுப்பில் மூள்கிறது. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு சில மாதங்களில் மியான்மரிலிருந்து தப்பிய 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்துக்கு வந்தார்கள். சோறு பொங்க விறகு வேண்டும், அதற்குக் காட்டுக்குத்தான் போக வேண்டும், உள்ளூர்க்காரர்களும் அதே காட்டை நம்பியிருந்தவர்கள். காடு மொட்டையானது, தகராறு வந்தது, விறகுக்குப் போன பெண்களும் பிள்ளைகளும் வழியில் தாக்கப்பட்டார்கள். அப்புறம் முகாமுக்கும், பக்கத்து ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் சமையல் எரிவாயு கொடுத்தார்கள். விறகு வெட்டுவது வெகுவாகக் குறைந்து, மொட்டைச் சரிவுகளில் மரம் நட முடிந்தது. ஆட்கள் அதே ஆட்கள்தான்!

தினக்கூலி குறைகிறது என்று எதிரணிச் சகோதரி சொன்னதை நான் மறுக்கவில்லை, கூலிக்காரரின் கோபத்தை வெறும் வெறுப்பு என்று தள்ளுவது தப்பு. ஆனால் வேலைக்குத் தடை போட்டால் பசித்தவர் சும்மா இருப்பாரா? ஒளிந்து ஒளிந்து, கொடுத்த கூலிக்குப் போவார், அதுதான் உள்ளூர்க் கூலியையும் கீழே இழுக்கிறது. உகாண்டா 2006-ல் சட்டம் போட்டு வேலை உரிமை தந்தது, அகதிகளுக்கு வரும் உதவியில் 30 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகட்டும் என்று கொள்கையும் வைத்தது. உதவிப்பணம் சுருங்கும்போது அங்கேயும் உரசல் வருகிறது, அதை நான் மறைக்கவில்லை.

முகாமைச் சுற்றி வேலி போடுங்கள், பாதுகாப்பு தானாக வரும் என்றும் சொன்னார்கள். காக்ஸ் பஜாரில் போட்டார்களே! 2021 மார்ச்சில் முகாமில் தீப்பிடித்தபோது தப்பி ஓடியவர்களை அந்த முள்வேலிதான் மறித்தது. அது யாருக்கான பாதுகாப்பு என்று எதிரணி சொல்லட்டும்.