ஆட்டு மந்தையும் ஆளில்லா ரயிலும்

நேயர்களுக்கு வணக்கம். ரயில் தானாக ஓடுமா என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓடும். 1968-லேயே லண்டன் விக்டோரியா பாதாள ரயிலில் ஓட்டுநர் கதவை மூடிவிட்டுப் பொத்தானை அழுத்துவார். கிளம்புவதும் நிற்பதும் இயந்திரத்தின் வேலை. டெல்லி மெட்ரோவில் 2020 டிசம்பரில் ஓட்டுநர் இல்லாத ரயிலே வந்துவிட்டது. அப்புறம் நம்ம ராமநாதபுரம் – ராமேஸ்வரம் பாதையில் என்ன சிக்கல்? மெட்ரோவுக்குச் சுரங்கமும் மதில் சுவரும் உண்டு. நமக்கு வழியில் ஆடு மேயும் உச்சிப்புளி ஊர் உண்டு.

என் சித்தப்பா மீட்டர்கேஜ் காலத்தில் இந்தப் பாதையில் ரயில் ஓட்டியவர். "உனக்கு எது பயம் சித்தப்பா, பாலமா?" என்று சின்ன வயதில் கேட்டேன். "பாலம் என்னடா செய்யும், அது பாட்டுக்கு நிக்கும். ஆடுதான்" என்றார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் முழு மந்தையும் மேய்ந்தால் அவர் கவலைப்பட மாட்டார். ஒரே ஒரு ஆடு மட்டும் அந்தப் பக்கம் தாண்டிப் போய் நின்றால், அப்போதே ஹாரனில் கை. "ஒண்ணு போயிருச்சுல்ல, மத்ததும் வரும். அதுக்குப் பின்னாடியே மேய்க்கிற பிள்ளையும் ஓடியாரும்."

பல வருஷமாக ரயில் கட்டுப்பாட்டுக் கருவிகளோடு மாரடிக்கிறேன்; இதைவிட நல்ல பாடம் யாரும் எனக்கு எடுக்கவில்லை. கேமரா ஆட்டைக் காட்டும், ரேடார் தூரத்தைச் சொல்லும். ஆனால் அந்த ஒற்றை ஆட்டின் அர்த்தம்? இன்னொன்றும் இருக்கிறது. வேகமாக வரும் ரயில் நிற்கப் பல நூறு மீட்டர் வேண்டும். சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது, கேமராவுக்கு எங்கே தெரியும்? அதனால் பிரேக்கைவிட ஹாரன்தான் பெரிய ஆயுதம். கண்ட ஆட்டுக்கெல்லாம் பிரேக் போடச் சொல்லிக்கொடுத்தால் ரயில் ராமேஸ்வரம் போய்ச் சேராது.

சரி, அடுத்தது மணல். ரயில் தான் இருக்கும் இடத்தைச் சக்கரம் சுற்றுவதை எண்ணித்தான் தெரிந்துகொள்கிறது. தனுஷ்கோடிக்கு ரோடு போடுவதற்கு முன்னால் வேனில் போனவர்களுக்குத் தெரியும்: மணலில் சக்கரம் சுற்றும், வேன் நின்ற இடத்திலேயே நிற்கும். ஈரத் தண்டவாளத்தில் ரயில் சக்கரமும் அப்படி வழுக்கும், கணக்கு தப்பும். அதைத் திருத்தத்தான் தண்டவாளத்துக்கு நடுவே, இது எந்த இடம் என்று ரயிலுக்குச் சொல்லும் அடையாள வில்லைகள் பதிக்கிறார்கள். நம் நாட்டின் 'கவச்' அமைப்பிலும் அவை உண்டு. கவனிக்க, கவச் ரயிலை ஓட்டாது. ஓட்டுநர் தவறினால் பிரேக் போடும், அவ்வளவுதான். வழுக்காமல் இருக்க எஞ்சினே சக்கரத்தடியில் மணல் தூவுவதும் உண்டு. ஆனால் மணல் அதிகமானால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் மின்தொடர்பு விட்டுப்போகும். அந்தத் தொடர்பை வைத்துத்தான் ரயில் இருப்பதைச் சிக்னல் தெரிந்துகொள்கிறது. ரயில் அங்கேயே இருக்கும், ஆனால் பாதை காலி என்று சிக்னல் நினைத்துக்கொள்ளும்!

காற்று விஷயத்தில் மட்டும் நான் இயந்திரத்தின் கட்சி. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். அங்கே யாருடைய அனுபவமும் வேண்டாம், துணிச்சலும் வேண்டாம். அளக்க முடிந்ததை இயந்திரத்திடம் விடலாம். ஆட்டை அளக்க முடியாது. திரும்பவும் ஆட்டுக்கே வந்துவிட்டேன், மன்னிக்கவும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் பில்பராவில் இரண்டு கிலோமீட்டருக்கும் நீளமான இரும்புத்தாது ரயில்கள் ஆளே இல்லாமல் ஓடுகின்றன. பெர்த் நகரில் உட்கார்ந்து கண்காணிக்கிறார்கள். அது பாலைவனம், பயணிகளும் கிடையாது. லண்டனின் தேம்ஸ்லிங்க் பாதையில் 2018 முதல் நடுப்பகுதியில் மட்டும் இயந்திரம் ஓட்டுகிறது, ஓட்டுநர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நமக்கு ஒத்துவருவது இந்த இரண்டாவதுதான்.

பாலத்தின் நடுவே ரயில் பழுதாகி நின்றால் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்ல நினைத்தேன். பிரேக் குழாயில் காற்று கசிந்தால் ரயில் நின்றுவிடும். உதவி ஓட்டுநர் இறங்கி, பெட்டி பெட்டியாக நடந்து, 'உஸ்' என்ற சத்தத்தை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடிப்பார். ஆளில்லாத ரயிலில் அந்தக் காதுக்கு எங்கே போவது? அதற்கு ஒவ்வொரு பெட்டியிலும் அழுத்தமானி வைக்க வேண்டும், அதன் செலவு... சரி, நிறுத்தச் சொல்கிறார்கள். வணக்கம்.