அப்பாவின் காக்கிப் பேண்ட்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரு பொருளைக் காட்டிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கப் போகிறேன். கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன், தெரிகிறதா? அப்பாவின் காக்கிப் பேண்ட். இடுப்புப் பட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய தையல் ஓடிய தடம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டு தடவை பிரித்துத் தைத்ததில் உள்ளே விட்டிருந்த துணி தீர்ந்துபோய், மூன்றாவது தடவை வேறு துணியை முக்கோணமாக வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறார் டெய்லர். அந்த ஒட்டு மட்டும் வெளுக்காமல் இன்னும் புதுசாக இருக்கிறது.

அப்பா 29 வருஷம் பஸ் ஓட்டியவர். சாப்பாட்டில் கட்டுப்பாடு உண்டு, வெற்றிலைகூடப் போட மாட்டார். ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் நெஞ்சுவலி வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்தார்கள். அப்போது டாக்டர், "உட்கார்ந்து பார்க்கிற வேலையா?" என்று கேட்டார். அது ஏன் அத்தனை முக்கியமான கேள்வி என்று தேடப் போய்த்தான் லண்டன் பஸ்களின் கதை எனக்குத் தெரிந்தது.

ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 1953-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார். அங்கே மாடி பஸ். டிரைவர் வேலை நேரம் முழுக்க இருக்கையை விட்டு எழ மாட்டார். அதே பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேலும் கீழுமாக ஒரு நாளைக்கு 500-லிருந்து 750 படிகள் வரை ஏறுவார். இருவருக்கும் ஒரே நிர்வாகம், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஆனால் இதய நோய் டிரைவர்களுக்குத்தான் அதிகம். கண்டக்டர்களுக்கு வந்தாலும் வயது தள்ளித்தான் வந்தது.

மாரிஸ் அதோடு நிறுத்தவில்லை. இவர்களுக்குக் கொடுத்த சீருடைகளின் அளவையும் எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவுதான் பெரியது. 1956-இல் இதையும் எழுதினார். அதைப் படித்த அன்றைக்குத்தான் பரணில் இருந்த இந்தப் பேண்ட்டை இறக்கினேன்.

"பருமனான ஆட்கள்தான் டிரைவர் வேலைக்கே வந்திருக்கலாமே?" என்று கேட்டால், நியாயமான சந்தேகம். வேலையில் சேரும்போதே அவர்கள் கொஞ்சம் பருமனாக இருந்தது உண்மைதான். ஆனால் மாரிஸ் தபால் துறையிலும் பார்த்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த தபால்காரர்களைவிட மேஜையில் உட்கார்ந்த குமாஸ்தாக்களுக்கு இதய நோய் அதிகம். அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளில் இதே பக்கமாகத்தான் சான்று சேர்ந்திருக்கிறது.

சரி, நாம் எவ்வளவு அசைய வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். மூச்சு வாங்க வாங்கச் செய்கிற கடும் உழைப்பு என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். மிதமானது எது என்று கண்டுபிடிக்க வாட்ச் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அப்பா மொட்டைமாடியில் நடக்கும்போது பழைய பாட்டு ஒன்றை முணுமுணுப்பார். பாட்டு நின்றுபோனால் வேகம் சரியாக இருக்கிறது என்று அம்மா கீழே இருந்தே சொல்லிவிடுவார்.

அந்த வழிகாட்டுதலில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒரு மாற்றம். முன்பு, தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்தது. 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். தண்ணீர்க் குடத்தோடு இரண்டு மாடி ஏறுகிறீர்களா, பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடக்கிறீர்களா, வீட்டைக் குனிந்து நிமிர்ந்து பெருக்குகிறீர்களா, எல்லாமே சேரும். "எனக்கு நேரமே இல்லை" என்று கமெண்டில் எழுதுகிற அக்காக்களே, உங்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கூடவே, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தருகிற பயிற்சி வேண்டும். நம் வீடுகளில் யாருமே இதைக் கண்டுகொள்வதில்லை. வாக்கிங் போனால் போதும் என்று நினைக்கிறோம். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதுகூடத் தொடைக்கு நல்ல ஆரம்பம். 65 வயதைத் தாண்டியவர்கள், கீழே விழாமல் இருக்க, உடல் சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்யச் சொல்கிறார்கள்.

அப்புறம், உட்காருவது. இத்தனை மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று அவர்கள் எண் எதுவும் சொல்லவில்லை. குறையுங்கள், அந்த நேரத்தில் லேசாகவாவது அசையுங்கள் என்கிறார்கள். ஆனால் 10 லட்சம் பேருக்கு மேல் தகவல் திரட்டி 2016-இல் லான்செட்டில் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவர்களுக்குக் கூடுகிற மரண ஆபத்து, தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமாக உழைப்பவர்களிடம் காணப்படவில்லை. அதாவது வாரத்துக்கு 150 நிமிடம் என்பது, கணினி முன்னாலோ ஸ்டியரிங் முன்னாலோ நாளைக் கழிக்கிறவருக்குப் போதாமல் போகலாம்.

டிரைவர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவர்களால் நினைத்த நேரத்தில் எழ முடியாது. டிரிப் முடிந்து அடுத்த டிரிப் எடுப்பதற்குள் டீ குடிக்கவே நேரம் இருக்காது. அதனால் "எழுந்து நடங்க" என்று அவர்களிடம் மட்டும் சொல்வது நியாயமில்லை. டைம் போடுகிறவர்கள் கடைசி ஸ்டாப்பில் பத்து நிமிடம் கூடுதலாக விட வேண்டும். அப்பாவுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஏற்கெனவே இதயப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு மெதுவாக ஆரம்பியுங்கள். அப்பா முதல் வாரம் வாசலில் இருந்து தெருமுனை வரைக்கும்தான் போனார். இப்போது சாயங்காலம் நாற்பது நிமிடம் நடக்கிறார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது பாருங்கள், அவர்தான். நானும் பேச ஆரம்பித்ததில் இருந்து உட்கார்ந்தே இருக்கிறேன். அவரோடு மேலே போகிறேன், அடுத்த வீடியோவில் பார்ப்போம்.