மலைக்கு வேலை செய்ய வரும் நகரத்துப் பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம். மலையிலிருந்து இறங்கி இப்போதுதான் வீட்டுக்கு வந்திருப்பீர்கள், அல்லது அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருக்கும். கைவேலையை விட வேண்டாம், காதை மட்டும் கொடுங்கள்.

ஆகஸ்ட் மாதம் ஹப்புத்தளை ரயில் நிலையத்தில் பெரிய பைகளோடு வெளிநாட்டுப் பிள்ளைகள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் வசதியானவர்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. லண்டன் போன்ற நகரங்களில் அடுக்குமாடிச் சிறுவீடுகளில் வளர்ந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அம்மா இரவில் அலுவலகங்களைக் கூட்டித் துடைப்பவர், அப்பாவுக்கு நிலையான வேலை இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு டிக்கெட், கடவுச்சீட்டு, மழைக்கோட்டு, சப்பாத்து எல்லாவற்றையும் யாரோ பணம் திரட்டித்தான் கொடுத்திருக்கிறார்கள். இப்படி இளைஞர்களை வெளியே அனுப்பி உழைக்க வைப்பது பிரிட்டனில் பழைய வழக்கம். 1984இல் தொடங்கிய ஆபரேஷன் ராலே என்ற திட்டம் பல நாடுகளுக்கு இளைஞர்களை அனுப்பியது. அதற்கு முன்னரே, 1941இல், வேல்ஸ் கடலோரத்தில் அவுட்வேர்ட் பவுண்ட் என்ற இளைஞர் பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டது.

இந்தப் பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை கொடுப்பது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். வந்தவுடன் கையில் ஒரு மரக்கன்றைக் கொடுத்து நடச் சொல்கிறார்கள். படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால் ஹப்புத்தளை இருக்கும் நம் ஊவாப் பக்கம் ஆகஸ்ட் எப்படிப்பட்ட மாதம் என்று நமக்குத் தெரியாதா? மலைக்கு மேற்கே ஹட்டன் பக்கம் தென்மேல் மழை கொட்டும்போது, இந்தப் பக்கம் காய்ந்த காற்றுத்தான் அடிக்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கும் அதே காற்று, நேற்று நட்ட கன்றைக் கருக்கிவிடும். கன்று நட ஐப்பசி மழை வர வேண்டும். அவர்களுடைய பள்ளி விடுமுறைக்காக நம் மழை முன்னாடி வராது.

அப்படியானால் ஆகஸ்டில் செய்ய வேலை இல்லையா? நிறைய இருக்கிறது. கன்று வளர்க்கும் தவறணையில் பைக்கு மண் நிரப்பலாம். மழைத்தண்ணி வடிய வெட்டிய கான் அடைத்துப்போயிருந்தால் துப்புரவாக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், நாம் தண்ணி பிடிக்கும் பீலிக்கு மேலே இருக்கிற ஊற்றைப் பார்ப்பது. நம் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், எத்தனை குடும்பங்கள் இன்னும் பீலித்தண்ணியை நம்பி இருக்கின்றன! அந்த ஊற்றைச் சுற்றிக் கிடக்கும் பொலித்தீனையும் உடைந்த போத்தலையும் அள்ளி, சரிந்த கரைக்குக் கல் அடுக்கினால், அந்தப் பயன் அன்றைக்கே வீட்டுக் குடத்தில் தெரியும்.

அப்படி ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஊற்றைச் சுற்றி ஒரு சின்னச் சோலை. முதல்நாள் இரவு தூறியிருந்ததால் உள்ளே அட்டை. லண்டனிலிருந்து வந்த ஒரு பையன், நல்ல உயரம், யாரோடும் அதிகம் பேசாதவன், காலில் அட்டையைப் பார்த்ததும் அலறிக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். "இனி உள்ளே போக மாட்டேன்" என்று பாதையோரம் உட்கார்ந்துகொண்டான். கூட வந்த பெரியவர்கள் தட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, பத்தாம் வகுப்புப் படிக்கிறவள், வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு துண்டுச் சவர்க்காரம் கொண்டுவந்தாள். அவனுடைய காலுறையில் நன்றாகத் தேய்த்துவிட்டாள். அட்டையை எப்படி நகத்தால் ஓரத்திலிருந்து நெம்பி எடுப்பது என்று தன் காலிலேயே செய்து காட்டினாள். கழன்ற பிறகும் கொஞ்சம் ரத்தம் வரும், அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, பயப்படாதே என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் எழுந்து உள்ளே போனான். பின்னேரம் வரை இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று கல் கைமாற்றினார்கள். அப்புறம் அவளுடைய அம்மா சுட்ட ரொட்டியையும் கட்டச் சம்பலையும் அவன் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றான்.

அங்கே யார் யாருக்கு உதவி செய்தார்கள்? அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெளியிலிருந்து வருகிற பிள்ளைகள் வேலை செய்ய, நம் பிள்ளைகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. ஒரே வேலை, ஒரே வரிசை, ஒரே சாப்பாடு. வேலையைச் சொல்லிக் கொடுக்க, தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் நம் கங்காணிமார் இருக்கிறார்கள். கான் வெட்டுவதில் அவர்களுக்கு இருக்கும் கண் எந்தப் பயிற்சியாளருக்கும் வராது.

கானைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த மலைகளில் முதலில் கோப்பிக்காகக் காட்டை வெட்டினார்கள். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட பிறகு அதற்காகவும் வெட்டினார்கள். வெட்டியதும் நட்டதும் நம் முன்னோர்களின் கை. காட்டு மரங்களின் வேர் பிடித்திருந்த சரிவில் இப்போது மழைத்தண்ணி ஒழுங்காக இறங்க வழி வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கானைத் துப்புரவாக்கினால் மண்சரிவு நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, நிலத்தில் புது வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பழகிய பிள்ளை, ஆபத்தை முன்கூட்டியே கண்டு பெரியவர்களிடம் வந்து சொல்லும். வெளிநாட்டுப் பிள்ளையும் அதைக் கற்றுக்கொண்டு போகட்டும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நம் பிள்ளைகளும் இதேபோல் வெளிநாட்டுக்குப் போய் வேலை செய்து வர வேண்டும் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்திருந்தேன். சரி, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இந்திய வம்சாவளியினரான நம் மக்களின் குடியுரிமைப் பிரச்சினை தீர்ந்தாலும், பத்திரங்களில் பெயர்ப் பிழைகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பெயர் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருந்தால் இந்த வாரமே பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்தக் கேளுங்கள். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் ஓடினால் நடக்காது. வணக்கம்.