எலியாபின் உயரம்

(மதுரையில் லுத்தரன் சபை இளைஞர் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

போதகர் ஐயா அவர்களுக்கும், சபைச் சங்கப் பெரியவர்களுக்கும், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட தம்பி தங்கைகளுக்கும் ஸ்தோத்திரம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘காலநிலை நீதியும் இளைஞரும்’. இந்தத் தலைப்பில் யார் பேசினாலும் துருவக் கரடியில் தொடங்கி மரக்கன்று நடுவதில் முடிப்பார்கள். கடைசியில் எல்லாருக்கும் ஆளுக்கொரு வேப்பங்கன்று கிடைக்கும். நான் கன்று கொண்டுவரவில்லை. உலகக் காலநிலை மாநாட்டுக்கு நம் சபைகளிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்புவதானால் அந்தப் பிள்ளையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் பேசப்போகிறேன்.

லுத்தரன் உலகச் சம்மேளனம் 1947இல் சுவீடனின் லுண்ட் நகரில் தொடங்கியது. தலைமையகம் ஜெனீவா. 1984இல் புடாபெஸ்டில் கூடிய அதன் பேரவை, முடிவெடுக்கும் இடங்களில் ஐந்தில் ஒரு பங்கு இளைஞருக்கு என்று ஒதுக்கியது. 30 வயது வரைதான் அவர்கள் கணக்கில் இளைஞர். நம்மூரில் 45 வயதிலும் வாலிபர் சங்கச் செயலாளராக இருப்பவரை நான் சொல்லவில்லை, அவர் முன்வரிசையில் இருக்கிறார், சிரிக்காதீர்கள். ஐ.நா. காலநிலை மாநாடுகளுக்குச் சம்மேளனம் அனுப்பும் குழுவிலும் பெரும்பாலும் இந்த வயதுக்காரர்களே போகிறார்கள்.

போய் என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். 2013 நவம்பரில் வார்சாவில் மாநாடு. அதற்குச் சில நாள் முன்னால்தான் ஹையான் புயல் பிலிப்பைன்ஸைச் சுருட்டிப் போட்டிருந்தது. அந்த நாட்டின் பேச்சுவார்த்தைக்காரர் ஏப் சானோ மேடையிலேயே கண்ணீர் விட்டு, உருப்படியான முடிவு வரும்வரை சாப்பிட மாட்டேன் என்று அறிவித்தார். லுத்தரன் இளைஞர்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. அடுத்த வருஷம் லிமா மாநாடு வரை மாதம் முதல் தேதி உபவாசம் என்று பல நாடுகளில் பிடித்துக்கொண்டார்கள். லெந்து நாட்களில் ஒருபொழுது இருப்பது நமக்குப் பழக்கம். ஒரு பேச்சுவார்த்தை மேசையைப் பார்த்து உபவாசம் இருப்பது எனக்கே அப்போது புதிதாக இருந்தது.

சரி, தேர்வுக்கு வருகிறேன். லுத்தரன் சபை இளைஞரைக் கடல்தாண்டி அனுப்புவது 1706 ஜூலை 9ஆம் தேதியே ஆரம்பித்துவிட்டது. திசைதான் வேறு. அன்று தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கிய, டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குக்கு இருபத்து நான்கு வயதை ஒட்டி இருக்கும். அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ‘தமிழில் சரளமாகப் பேச வேண்டும்’ என்று டென்மார்க் ராஜா விண்ணப்பப் படிவத்தில் போட்டிருந்தால் அவர் வந்திருக்கவே முடியாது. வந்துதான் கற்றார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்திருந்தது.

நாம் என்ன செய்கிறோம்? புது ராஜாவைத் தேடி ஈசாயின் வீட்டுக்குப் போன சாமுவேல் தீர்க்கதரிசி மாதிரி, மூத்த மகன் எலியாபின் உயரத்தைப் பார்த்து மயங்குகிறோம். நம்முடைய எலியாபுக்குப் பெயர் ஆங்கிலம். அந்த வீட்டில் ஏழு பேரை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், எட்டாவது பையன் தாவீதை வரிசைக்குக் கூப்பிடவே இல்லை. அவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். தோற்றுப்போவது வேறு, வரிசைக்கே அழைக்கப்படாமல் இருப்பது வேறு. நம் சபைகளில் நடப்பது இரண்டாவது. அறிவிப்பு மின்னஞ்சலில் வரும், ஊரில் நாலு பேருக்குத் தெரியும், அந்த நாலு பேரின் பிள்ளைகளும் விண்ணப்பிப்பார்கள். இதில் யாருடைய மகன், எந்த அணிக்காரர், எந்தச் சாதிக்காரர் என்கிற கணக்கு வேறு. அதை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. சில வருஷத்துக்கு முன் இப்படி ஒரு வெளிநாட்டுக் கூட்டத்துக்கு ஆள் எடுக்கும் குழுவில் நானும் இருந்தேன். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்துச் சபையிலிருந்து ஒரு பெண் விண்ணப்பித்திருந்தாள். படிவம் பாதி நிரம்பவில்லை. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டை இணைத்திருந்தாள். அவள் தாத்தா அந்த ஊர்க் கண்மாயில் மடை திறக்கிறவர். எந்த வருஷம் கண்மாய் நிரம்பி மறுகால் போனது, எந்த வருஷம் மடைக்கே தண்ணீர் ஏறவில்லை, எந்த மாதம் எந்தக் கிணறு வற்றியது என்று அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதியிருக்கிறாள். சில பக்கங்களில் தேதிக்குப் பதில் ‘பெரியவளுக்குக் காது குத்தின வருஷம்’ என்று இருக்கும். குழுவில் ஒருவர் ‘படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பச் சொன்னோமே’ என்றார். நான் தலையாட்டினேன். நோட்டை ஓரமாக வைத்தோம். நகரத்துப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தோம். நல்ல பையன்தான். போய்வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் படம் போட்டுக் காட்டினான், எல்லாரும் கைதட்டினோம். அப்புறம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் அவனிடம் சொல்லி அனுப்பவே இல்லை.

அந்தப் பெண்ணின் ஊருக்கு 2017 தொடக்கத்தில் அறுப்பின் பண்டிகைக்குப் போனேன். முந்தின வருஷம் வடகிழக்குப் பருவமழை பாதிகூடப் பெய்யவில்லை. ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது. அறுப்பு இல்லாத வருஷத்து அறுப்பின் பண்டிகை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வழக்கமாகப் பீடத்தின் படியில் சோளக்கதிர், நிலக்கடலைச் செடி, வாழைத்தார், பூசணிக்காய், காலைக் கட்டிப் போட்ட சேவல் எல்லாம் குவிந்திருக்கும். அன்று சேவல் இருந்தது. பாக்கி எல்லாம் கடைச் சாமான். ஒரு பாட்டி முந்தானையில் பொதிந்துகொண்டு வந்து நாலு ஆப்பிளை வைத்தார். ஒவ்வொன்றிலும் கடைக்காரன் ஒட்டின ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. வெறுங்கையோடு வரக் கூசி, உசிலம்பட்டி சந்தையில் காசு கொடுத்து வாங்கிய ‘முதற்பலன்’. காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டபோது நான் ஒன்றை எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரைக் கிள்ளி எடுத்தபோது தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

அதே வருஷம் ஏப்ரலில்தான் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க வைகை அணையில் தெர்மாகோல் விட்டார்கள். அதைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல.

துபாய் மாநாட்டுக்கு 2023இல் பதிவு செய்தவர்கள் மட்டும் 80 ஆயிரத்துக்கு மேல். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று தல்லாகுளத்தில் நிற்கிற மாதிரி நிற்க வேண்டியதுதான். நம் பிள்ளை பார்வையாளர், ஓட்டு கிடையாது, பல அறைகளுக்குள் விடவே மாட்டார்கள். எங்கோ ஒரு கூட்டத்தில் இரண்டு நிமிஷம் பேசக் கிடைக்கும். அந்த இரண்டு நிமிஷத்தில் ‘பூமி சூடாகிறது’ என்று சொன்னால், அங்கே இருப்பவர்கள் அதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள், அவர்களுக்குத் தெரியாதா? ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிளைச் சொன்னால் ஒருவராவது பேனாவைக் கீழே வைப்பார். மதுரை மேடையில் கண்ணகியை இழுக்காமல் இறங்கக் கூடாது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அவள் அரசவையில் அழுததால் ஜெயிக்கவில்லை, சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டினாள்.

இன்னொன்று, பொறுமை. கடல் மட்டம் உயர்ந்து தீவுகள் முழுகினால் அந்த நஷ்டத்தை யார் கொடுப்பது என்று வனுவாட்டு தீவு நாடு 1991இல் கேட்டது. ‘இழப்பு–சேத நிதி’ வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டது 2022இல், ஷார்ம் எல் ஷேக்கில். 31 வருஷம்! உசிலம்பட்டி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம், வைகை அணைத் தண்ணீரை அவர்கள் பக்கம் கொண்டுவர வெட்டிய 58 கிராமக் கால்வாய் என்றால் போதும். அதற்காக எத்தனை கடையடைப்பு, எத்தனை மறியல். 2018இல் சோதனைக்குத் தண்ணீர் விட்டபோது ஊரே வாய்க்கால் கரையில் நின்றது. ஆனால் வைகை அணையில் மொத்தம் 71 அடி, 67 அடி தாண்டினால்தான் அந்தக் கால்வாய்க்குத் தண்ணீர். கால்வாய் இருக்கிறது, அணை நிரம்ப வேண்டும். உலக நிதியும் அதே கதைதான். பெட்டி இருக்கிறது, நான் கடைசியாகப் பார்த்த வரை நாடுகள் போடுவதாகச் சொன்னது 100 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. சராசரி அமெரிக்கர் ஒருவர் வருஷத்துக்கு 14 டன் அளவில் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார், சராசரி இந்தியர் சுமார் 2 டன். அந்த ஆப்பிள் பாட்டி எவ்வளவு விட்டிருப்பார் என்று கணக்குப் போட ஆளில்லை. 67 அடி நிபந்தனையோடு வளர்ந்த பிள்ளைக்கு, வாக்குறுதி வேறு தண்ணீர் வேறு என்பது பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே தெரியும். இதைப் பயிற்சி முகாமில் கற்றுக்கொடுக்க முடியாது.

அப்படியானால் ஆங்கிலமே வேண்டாமா என்று ஒரு தம்பி முகத்தைச் சுளிக்கிறார். வேண்டும் தம்பி, நிச்சயம் வேண்டும். 2015இல் பாரிஸ் ஒப்பந்தம் கடைசி நேரத்தில் ஒரே ஒரு சொல்லில் நின்றுபோனது. பணக்கார நாடுகள் உமிழ்வைக் குறைப்பது பற்றிய வாக்கியத்தில் ‘ஷல்’ என்று இருந்தது. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் சொல், ‘ஷுட்’ என்று மாற்றினால்தான் ஆச்சு என்று அமெரிக்கா பிடித்துக்கொண்டது. மாற்றினார்கள். இரண்டையும் நாம் ‘வேண்டும்’ என்றுதான் மொழிபெயர்ப்போம், நடுவில் கோடிக்கணக்கான பணம் புதைந்திருக்கிறது. ஆகவே அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுங்கள். ஆறு மாதம், ஓர் ஆசிரியர், சபைச் செலவு. எங்கள் தலைமுறையில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர், சாயங்காலம் சும்மாதான் இருக்கிறார்கள். நகரத்துப் பிள்ளைக்கு ஆறு மாதத்தில் கண்மாயைக் கற்றுக்கொடுக்க முடியுமென்றால் அப்படியும் செய்யலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. கலுங்கு எது, மடை எது என்று கேட்டுப் பாருங்கள்.

நகரத்தை நான் ஒதுக்கவும் இல்லை. 2024 அக்டோபர் மழையில் செல்லூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, கட்டிலின் மேல் அடுப்பை வைத்துச் சமைத்த வீட்டுப் பிள்ளை விண்ணப்பித்தால் அதுவும் நமக்கு வேண்டிய பிள்ளைதான்.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி கிராமத்தைப் பாருங்கள். 2022இல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசாணை வந்தது, தமிழ்நாட்டிலேயே முதலாவது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் மதுரை வரை நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அவர்கள் கையில் அரசாணை இருந்தது. மலையில் எந்தச் சுனை எங்கே என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார்கள். ஆங்கிலத் தேர்வு யாரும் வைக்கவில்லை.

சபைச் சங்கத்துப் பெரியவர்களிடம் நான் கேட்பது இதுதான். அறிவிப்பை ஆராதனையில் தமிழில் வாசியுங்கள், கிராமத்துச் சபைகளில் உபதேசியார் வாயால் சொல்லவையுங்கள். விண்ணப்பம் தமிழில் வரட்டும், மொழிபெயர்த்து அனுப்ப நான் இருக்கிறேன். நேர்காணலை இந்த ஹாலில் வைக்காமல் பிள்ளையின் ஊரில் வையுங்கள். ‘எங்கே தண்ணீர் நின்றது, காட்டு’ என்று கூடவே நடந்து போங்கள். பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும், தண்ணீர்க் குடம் யார் தலையில் இருக்கிறதென்று எல்லாருக்கும் தெரியும். தேர்ந்தெடுத்த பிள்ளைக்குச் சபைச் சங்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஓர் இடம் கொடுங்கள், திரும்பி வந்து சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். கைதட்டு மட்டும் போதாது.

நேரம் ஆகிவிட்டதென்று போதகர் ஐயா கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார். அந்தப் பெண் தன் நோட்டைத் திருப்பிக் கேட்கவே இல்லை. இத்தனை வருஷமாக என் மேசை இழுப்பறையில் கிடந்தது, இன்றைக்கு எடுத்து வந்திருக்கிறேன். அவள் இப்போது அதே ஊரில் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் போனில் பேசினேன். 30 தாண்டிவிட்டதாம், அதனால் அவளை அனுப்ப முடியாது. ‘அதுக்குப் பிறகு எழுதினது இன்னொரு நோட்டு இருக்குது சார், வந்து வாங்கிக்கங்க’ என்றாள். முதல் நோட்டை அந்த மேசையில் வைக்கிறேன். சாப்பாட்டுக்குப் போகும்முன் பார்த்துவிட்டுப் போங்கள். கடைசிப் பக்கங்கள் நைந்திருக்கின்றன, மெதுவாகப் புரட்டுங்கள்.