பாலத்தின் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் ஜி.டி. நாயுடு மேம்பாலம். நீளம் 10.1 கிலோமீட்டர். 2025 அக்டோபர் 9 அன்று திறந்தார்கள். ஏர்போர்ட்டுக்கும் அவிநாசி, திருப்பூர் பக்கமும் போகிற வண்டிகள் மேலே ஏறிக்கொள்கின்றன. லட்சுமி மில்லிலோ பீளமேட்டிலோ பஸ் ஏறுகிறவருக்குக் கீழ்ரோடுதான் ரோடு. மேலே தூரத்து வண்டி, கீழே பக்கத்து வண்டி என்று பிரிந்ததுதான் இந்தப் பாலத்தால் கிடைத்த லாபம். மேலே மிச்சம் பிடித்த நேரத்தில் கொஞ்சம் இறங்குகிற இடத்து சிக்னலில் போய்விடும், அது வேறு கதை.

இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது, மேம்பாலத்தில் வண்டி ஓடும்போது கேட்கிற 'டப்... டப்' சத்தம். பாலத்தின் தளம் ஒரே கல்லாக இருக்காது. நடுநடுவே இடைவெளி விட்டு, அதில் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வைப்பார்கள். காரணம் வெயில். 100 மீட்டர் கான்கிரீட், சூடு ஒரு டிகிரி ஏறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நீளும். தூணுக்குத் தூண் உள்ள பகுதியைக் கண் என்பார்கள். மூன்று நான்கு கண்களின் தளத்தைச் சேர்த்து 120 மீட்டராக்கினால், மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தாலே சுமார் 40 மில்லிமீட்டர். ஒன்றரை அங்குலம்! இடம் விடாவிட்டால் தளம் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி ஓரம் உடையும்.

இடைவெளியின் இரண்டு கரையிலும் இரும்புச் சட்டம், நடுவில் தண்ணீர் இறங்காமல் ரப்பர் பட்டை. அந்த ரப்பரின் மடிப்பில் மண் அடைத்துக்கொள்ளும். கொங்கு ரோட்டில் மண் மட்டுமா, லாரியிலிருந்து உதிர்கிற தேங்காய் நாரும் பஞ்சும் சேர்ந்துகொள்ளும். வெயிலில் இடைவெளி சுருங்கும்போது, மடிய வேண்டிய ரப்பர் மடியாமல் கிழியும், இல்லை பிதுங்கி மேலே வரும். கிழிந்த இடத்தில் மழைத்தண்ணீர் நேரே தூணின் தலையில் இறங்கும். அங்கேதான் தளத்தைச் சுமக்கிற உத்திரமான கர்டரைத் தாங்குகிற பேரிங் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரும் இரும்புத் தகடும் அடுக்கடுக்காகச் சேர்த்தது. அதைச் சுற்றித் தண்ணீரும் சேறும் நின்றால் கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். பேரிங்கை மாற்றுவதென்றால் ஜாக்கி வைத்துத் தளத்தையே தூக்க வேண்டும். ஜாயின்ட்டில் கிழிந்த ரப்பரை உடனே மாற்றுவது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

'டப்' என்று மந்தமாகக் கேட்டால் பயமில்லை. 'கடங்' என்று இரும்பு ஓசை வந்தால் சட்டத்தின் பிடிப்பு விட்டிருக்கிறது, அல்லது அதன் அடியில் கான்கிரீட் பொக்கையாகிவிட்டது. பிறகு லாரியின் ஒவ்வொரு அச்சும் அதே இடத்தில் சம்மட்டி போடும்.

சரிசெய்வதற்கு ஓரத்தை நேர்கோட்டில் அறுத்து, பழையதை உடைத்தெடுத்து, சட்டத்தின் பிடிகம்பியைத் தளத்துக் கம்பியோடு வெல்டிங் செய்து, கான்கிரீட் போட வேண்டும். அன்றைய தளத்தின் சூட்டைப் பார்த்துத்தான் இடைவெளி வைப்பார்கள். குளிர்ந்த நேரத்தில் வைத்தால் அகலமாக, சூட்டில் வைத்தால் குறுகலாக. இங்கே கணக்குத் தப்பினால் முதல் கோடையிலேயே காட்டிக்கொடுக்கும். இன்னொரு தப்பு அவசரம். பாலத்தில் ஒரு தடத்தை அடைத்தால் வண்டி ஒதுங்கச் சந்து பொந்து கிடையாது, நெரிசல் கீழ்ரோட்டுக்குத்தான் இறங்கும். அதனால் கான்கிரீட் இறுகுவதற்குள் திறந்துவிடச் சொல்லி நெருக்கடி வரும். திறந்தால் சட்டத்தை ஒட்டி மயிரிழை போல விரிசல் விழும். அதே வேலையை மறுபடி செய்ய வேண்டியதுதான்.

இருசக்கர வண்டிக்காரர்கள் ஈரத்தில் ஜாயின்ட் இரும்பின்மேல் பிரேக் போடாதீர்கள். குறுக்காகத் திருப்பாமல் நேராகத் தாண்டுங்கள்.

கீழ்ரோட்டில் போகும்போது, மழை நின்று இரண்டு நாள் கழித்தும் ஒரு தூணின் தலை மட்டும் ஈரமாக இருந்தால், அல்லது சுண்ணாம்பு வழிந்தது போல வெள்ளைக் கோடு தெரிந்தால், மேலே ரப்பர் கிழிந்திருக்கலாம். மழைநீர்க் குழாய் அடைத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். தூணில் எண் எழுதியிருந்தால் அதைக் குறித்து நெடுஞ்சாலைத் துறைக்குச் சொல்லுங்கள். 'பாலம் ஒழுகுது' என்று பொதுவாகச் சொன்னால் தேடவே ஒரு வாரம் ஆகும்.

வணக்கம்.