நெல்லை வெயில்ல பிராசஸரை ஓவர்கிளாக் பண்ணுறது எப்படி?

[திரையில்: பாளையங்கோட்டை. மே மாதம், மதியம் 2 மணி. மேசை ஓரம் ஒரு தெர்மாமீட்டர், 38 டிகிரி.]

கத்திரி வெயில். தட்டட்டிக்கு நேர் கீழ உள்ள ரூம். ஃபேன் ஓடுது, ஆனா இறங்குறது வெக்கைதான். ஓவர்கிளாக், அதாவது கம்பெனி வச்ச வேகத்தைவிட வேகமா பிராசஸரை ஓட விடுறது, தாங்குதான்னு இந்த ரூம்ல, இந்த நேரத்துலதான் சோதிக்கணும்.

ஏன்னா, ஃபேன் வச்ச கூலரோ தண்ணி ஓடுற கூலரோ, எதுவுமே பிராசஸரை ரூம் வெப்பத்துக்குக் கீழ இறக்காது. குற்றாலத்துல சாரல் அடிக்கிற மாசம் ரூம் 28 டிகிரி, பிராசஸர் 76ன்னு வச்சிக்கிடுங்க. அதே வேலையை 38 டிகிரி ரூம்ல கொடுத்தா ஏறத்தாழ 86க்குப் போயிரும். ஜூலையில நல்லா ஓடுன செட்டிங் மே மாசம் தடுமாறுறது இதனாலதான்.

[திரையில்: கணக்கு எழுதுற கை]

இப்ப ஒரு கணக்கு. பிராசஸர் இழுக்குற பவர், வேகம் கூடுற அளவுக்கு நேரா கூடும். வோல்டேஜ் கூடுனா வர்க்கமா கூடும். 4.0 கிகாஹெர்ட்ஸை 4.4 ஆக்குறதுக்கு வோல்டேஜை 1.20ல இருந்து 1.30க்கு ஏத்துனா, வேகத்துக்கு 1.1, வோல்டேஜ் வர்க்கத்துக்கு 1.17, ரெண்டையும் பெருக்குனா 1.29. பத்து சதவீத வேகத்துக்கு 29 சதவீதம் கூடுதல் சூடு! நம்ம ஊருக்கு இது கட்டுப்படியாகாது. அதனால வோல்டேஜைக் குறைச்சு, மிச்சமாகுற சூட்டுல பிராசஸரைத் தானா வேகம் எடுக்க விடுற வழியைத்தான் சொல்லுதோம்.

இன்டெல் பிராசஸர்னா பேர்ல எண்ணுக்கு அப்புறம் 'கே' இருக்கணும், மதர்போர்டு இசட் வரிசையா இருக்கணும். ஏஎம்டியோட ரைசன்னா பி450, பி550 மாதிரி போர்டு போதும், ஏ520ல முடியாது. உதாரணத்துக்கு ரைசன் 5 5600, பி550 போர்டு எடுத்துக்கிடுவோம். இதோட உச்ச வெப்பம் 90 டிகிரி. பெட்டியோட வர்ற சின்ன கூலர் ஓவர்கிளாக்குக்கு ஆகாது. நாலு ஹீட் பைப், 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர் கூலர் வாங்குங்க.

[திரையில்: பழைய கூலரைக் கழற்றுதல், மிக அருகில்]

இங்கதான் நிறைய பேர் பிராசஸரைக் கெடுக்காங்க. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல சூட்டைக் கடத்த தடவியிருக்குற பேஸ்ட் காஞ்சு ஒட்டியிருக்கும்போது கூலரை மேல இழுத்தா, பூட்டுன சாக்கெட்ல இருந்து பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிட்டு வந்துரும். இந்த வகையில பின்னெல்லாம் பிராசஸர்லயே இருக்கு, வளைஞ்சா போச்சு. அதனால கழட்டுறதுக்கு முன்னால 10 நிமிஷம் நல்லா வேலை கொடுத்து சூடாக்கி, ஆஃப் பண்ணி, பிளக்கை உருவுங்க. ஸ்க்ரூ எடுத்ததும் கூலரை இடமும் வலமும் மெதுவா திருப்புங்க. பேஸ்ட் இளகி விடுறது கையிலயே தெரியும். அப்புறம் தூக்குங்க.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, கண்ணாடி துடைக்கிற துணியால சுத்தம் பண்ணுங்க. பனியன் துணி வேண்டாம், நூல் ஒட்டும். நடுவுல ஒரு பட்டாணி அளவு பேஸ்ட். புது கூலர் அடியில உள்ள பிளாஸ்டிக் தாளை உரிச்சாச்சான்னு பாருங்க. உரிக்காம மாட்டுனா எந்த பேஸ்ட் போட்டும் புண்ணியமில்ல. ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையா, ரெண்டு ரெண்டு சுத்தா முறுக்குங்க.

[திரையில்: பயாஸ்]

பயாஸ்னா விண்டோஸ் வர்றதுக்கு முன்னாலயே போர்டுல திறக்குற செட்டிங் பக்கம். அதுல பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், அதாவது பிராசஸர் தானா வேகம் எடுக்குற வசதி, அதுக்குள்ள அட்வான்ஸ்டு. தெர்மல் லிமிட் 80ன்னு போடுங்க, அதுக்கு மேல போனா பிராசஸரே வேகத்தைக் குறைச்சிக்கிடும். வோல்டேஜைக் குறைக்கிற இடம் கர்வ் ஆப்டிமைசர். அதுல ஆல் கோர், நெகட்டிவ், 10. ஒரு எண்ணுக்கு 3ல இருந்து 5 மில்லிவோல்ட் குறையும். சேவ் பண்ணி, பிராசஸருக்கு முழு வேலை கொடுக்குற சினிபெஞ்ச் ஆர்23 சாஃப்ட்வேரை 10 நிமிஷம் ஓட விட்டு, ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல வெப்பத்தைப் பாருங்க. சரியா ஓடுனா 15, அப்புறம் 20. ஒரே நேரத்துல ரேம் செட்டிங்கையும் மாத்தாதீங்க, தப்பு எங்கன்னு கண்டுபிடிக்க முடியாது.

சினிபெஞ்ச் பாஸானதும் வேலை முடிஞ்சதுன்னு நினைக்கக் கூடாது. வோல்டேஜ் பத்தாதது கனமான வேலையில தெரியாம, சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போது திடீர்னு ரீஸ்டார்ட்டா வெளிப்படும். ஏன்னா அப்பதான் ஒரு கோர் மட்டும் தனியா உச்ச வேகத்துக்குத் தாவும். விண்டோஸ் பிழைகளைக் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்ல 'டபிள்யூஹெச்இஏ லாக்கர்'னு ஹார்டுவேர் பிழை விழுந்திருந்தா, கர்வ் ஆப்டிமைசர் எண்ணை 5 குறைங்க, 20ன்னா 15 ஆக்குங்க. திரையே வரலைன்னா பிளக்கை உருவிட்டு, போர்டுல உள்ள காசு மாதிரி வட்டமான சிஆர்2032 பேட்டரியை 5 நிமிஷம் எடுத்து வைங்க. பயாஸ் பழைய நிலைக்கு வந்துரும்.

[திரையில்: கேபினட் முன்பக்க வலை, செம்மண் படிந்து]

ஜூன்ல இருந்து காத்து காலம். வள்ளியூர், பணகுடிப் பக்கம் கரண்ட் எடுக்குற காத்தாடியைச் சுத்த வைக்கிற அதே காத்துதான் செம்மண் புழுதியையும் வீட்டுக்குள்ள கொண்டுவரும். முன்பக்கம் ரெண்டு ஃபேன் உள்ள இழுக்க, பின்பக்கம் ஒண்ணு வெளிய தள்ள வைங்க. உள்ள வர்ற காத்து கூடுதலா இருந்தா இண்டு இடுக்கு வழியா தூசி ஏறாது. வலையை ரெண்டு வாரத்துக்கொரு தடவை கழுவி, நல்லா காய வச்சு மாட்டுங்க. புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சிக்கிடுங்க, அளவுக்கு மீறி சுத்துனா பேரிங் போயிரும்.

கேபினட்டுக்குப் பின்னால சுவருக்கு ஒரு சாண் இடம் விடுங்க. தண்ணி ஊத்துற ஏர் கூலரை கேபினட் பக்கம் திருப்பாதீங்க. அந்த ஈரக்காத்துல தூசி சேறு மாதிரி ஹீட்சிங்க் இடுக்குல பிடிச்சிக்கிடும், புளோயருக்கும் போகாது. அப்புறம் ஒவ்வொரு தகடா பிரஷ் வச்சுத் தேய்ச்சுத்தான் எடுக்கணும்.