மேனுவல் ஃபோகஸ்: வேகமும் துல்லியமும் கைக்கு வர என்ன பண்ணணும்?

[திரையில்: ஒரு முகம், நெருக்கமாக. காதோர முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. கண் இமை மங்கல்.]

50 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையுற துவாரம், எண் குறைஞ்சா துவாரம் பெரிசு) எஃப் 1.4, ஒரு மீட்டர் தூரம். ஃபுல் ஃபிரேம் கேமராவுல இப்படி எடுத்தா, கூர்மையா விழுற ஆழம் மொத்தமே சுமார் 3 சென்டிமீட்டர்தான். கண்ணுக்கு முன்னால ஒன்றரை, பின்னால ஒன்றரை. கண்ணுக்கு வச்ச ஃபோகஸ் காதுப் பக்கம் ஓடிப்போச்சுன்னா, எல்லாரும் லென்ஸ்ல ஃபோகஸை மாத்துற ரிங்கைத்தான் குறை சொல்வாங்க. ஆனா பாதி நேரம் ரிங் சரியாத்தான் நின்னிருக்கும். ரிங்கை விட்டதுக்கும் ஷட்டரை அழுத்தினதுக்கும் நடுவுல உடம்பு ஆடியிருக்கும், இல்லன்னா கேமராவைத் திருப்பி ஃபிரேமை மாத்தியிருப்பீங்க. அதனால ரிங்கை மட்டும் பார்த்தா போதாது. கண்ணுல ஆரம்பிச்சு, கைக்கு வந்து, உடம்புல முடிப்போம்.

[திரையில்: வியூஃபைண்டர் ஓரம். டையாப்டர் சக்கரத்தை ஒரு விரல் திருப்புகிறது.]

வியூஃபைண்டர் பக்கத்துல இருக்குற இந்தக் குட்டிச் சக்கரம்தான் டையாப்டர். வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பாருங்க. லென்ஸ் மங்கலாவே இருக்கட்டும். உள்ள தெரியுற எண்கள், ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், இதெல்லாம் கத்தி மாதிரி கூர்மையாகுற வரைக்கும் சக்கரத்தைத் திருப்புங்க. காட்சியைப் பார்த்துத் திருப்பக் கூடாது. அப்படிப் பண்ணா மங்கலுக்குக் காரணம் லென்ஸா, டையாப்டரான்னு உங்களுக்கே தெரியாது. கண்ணாடி போட்டுப் படம் எடுக்குறவங்க கண்ணாடியோடவே சரி பண்ணுங்க. பையில உரசி இந்தச் சக்கரம் தானா நகரும். கேமராவை வெளிய எடுக்கும்போதெல்லாம் ஒரு தடவை பார்த்துக்கங்க.

டி.எஸ்.எல்.ஆர் (உள்ள கண்ணாடி வச்ச கேமரா) வச்சிருக்கவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போ வர்ற ஃபோகஸிங் ஸ்கிரீன்கள், அதாவது வியூஃபைண்டருக்காகக் காட்சி விழுற திரைகள், பிரகாசமா தெரியணும்னு செஞ்சவை. எஃப் 1.4 லென்ஸை முழுசா திறந்தாலும், அதுல தெரியுற ஆழம் கிட்டத்தட்ட எஃப் 2.8-ல இருக்குற ஆழம்தான். ஸ்கிரீன்ல கூர்மையா தெரியுறது படத்துல கூர்மையா இருக்கும்னு சொல்ல முடியாது. பழைய ஃபிலிம் கேமராவுல இருந்த ஸ்பிளிட் ஸ்கிரீன் (ஃபோகஸ் தவறினா நடுவுல காட்சி ரெண்டா வெட்டித் தெரியும்) இதுல கிடையாது. உதவிக்குப் பெரும்பாலும் இருக்கிறது ஃபோகஸ் உறுதியானா எரியுற புள்ளிதான். அந்தப் புள்ளியும் ஒரே இடத்துல எரியாது, ரிங்கோட ஒரு சின்னத் தூரம் முழுக்க எரிஞ்சுகிட்டே இருக்கும். எரிய ஆரம்பிச்ச இடத்தோட நிக்காம, அணையுற இடம் வரைக்கும் போய்ட்டு, ரெண்டுக்கும் நடுவுக்கு வாங்க. நேரம் இருந்தா லைவ் வியூவுல, அதாவது பின்பக்கத் திரையில, பெரிசாக்கிப் பார்க்குறதுதான் நம்பகமான வழி.

[திரையில்: மிரர்லெஸ் கேமராவின் வியூஃபைண்டர் காட்சி. விளிம்புகளில் சிவப்புக் கோடுகள்.]

கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுல பீக்கிங்னு ஒரு உதவி இருக்கு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்குள்ள வெளிச்ச வித்தியாசம் எங்க அதிகமோ, அங்க கேமரா நிறம் பூசிக் காட்டும். அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கறுப்புச் சட்டையில வெள்ளைக் கோடு இருந்தா, ஃபோகஸ் கொஞ்சம் தவறியிருந்தாலும் சிவப்பு எரியும். வழவழப்பான கன்னம் சரியான ஃபோகஸ்ல இருந்தாலும் ஒண்ணும் எரியாது. இருட்டுல சென்சாரோட நாய்ஸையே விளிம்புன்னு நினைச்சு ஃபிரேம் முழுக்க மினுமினுக்கும். பீக்கிங் அளவைக் குறைந்த நிலையில வைங்க. அதிகத்துல வச்சா எல்லாமே சிவப்பா தெரியும், எதை நம்புறதுன்னு புரியாது. ரா ஃபைல் (கேமரா மெருகேத்தாத மூலப் பதிவு) எடுக்குறவங்க பிக்சர் புரொஃபைலைக் கறுப்பு வெள்ளைக்கு மாத்திப் பாருங்க. வியூஃபைண்டர்ல காட்சி சாம்பலாயிடும், சிவப்புக் கோடு மட்டும் பளிச்சுன்னு தெரியும். ரா ஃபைல்ல நிறம் அப்படியே பத்திரமா இருக்கும்.

பீக்கிங் உங்களை அந்த ஏரியாவுக்குக் கூட்டிட்டுப் போகும், வீட்டு நம்பரைக் காட்டாது. அதுக்குக் காட்சியைப் பெரிசாக்கிக் காட்டுற மேக்னிஃபை வேணும். கண்ணை எடுக்காம வலது கை விரலுக்கு எட்டுற பட்டன் ஒண்ணுக்கு அதை ஒதுக்குங்க. மெனுவுக்குள்ள போய்த் தேடுறதா இருந்தா அவசரத்துல பயன்படாது. கையில பிடிச்சு எடுக்க 5 மடங்கு போதும். 10 மடங்குல கை நடுக்கமே பெரிசா தெரியும், அது டிரைபாடுக்கு. கேமராவுக்கு விவரம் சொல்லாத பழைய லென்ஸ் மாட்டியிருந்தா, கை ஆட்டத்தை அடக்குற ஸ்டெபிலைசேஷன் மெனுவுல ஃபோகல் லெங்த்தை (லென்ஸோட மி.மீ. அளவை) நீங்களே கொடுக்கணும். 135 மி.மீ. லென்ஸை மாட்டிட்டு மெனுவுல 50-ன்னு விட்டா ஆட்டம் சரியா அடங்காது.

[திரையில்: இமை முடி, 10 மடங்கு பெரிதாக. ரிங் மெதுவாகத் திரும்புகிறது. முடியோரம் ஊதா, பிறகு நிறமில்லை, பிறகு பச்சை.]

இதைக் கொஞ்சம் நின்னு பாருங்க. பெரிய அப்பர்ச்சர் உள்ள நிறைய லென்ஸ்கள் எல்லா நிறத்தையும் ஒரே தளத்துல குவிக்காது. அதனால ஃபோகஸ் தளத்துக்கு (கூர்மையா விழுற தூரத்துக்கு) முன்னால இருக்குற விளிம்புல ஊதா கலந்த சிவப்பு வரும், பின்னால இருக்குற விளிம்புல பச்சை வரும். படத்துல இது குறைதான். ஆனா ஃபோகஸ் பண்ணும்போது, எந்தப் பக்கம் திருப்பணும்னு சொல்ற நல்ல அடையாளம் இது. வெறும் மங்கல் அதைச் சொல்லாது. இமை முடியில ஊதா தெரிஞ்சா ஃபோகஸ் அதைத் தாண்டிப் பின்னால போயிருக்கு, கிட்டத்துக்குக் கொண்டுவாங்க. பச்சை தெரிஞ்சா இன்னும் முன்னாலயே நிக்குது. நிறம் மறையுற இடம்தான் உங்க இடம். இந்த நிறப் பிழையைத் திருத்திச் செஞ்ச அப்போக்ரோமாட்டிக் லென்ஸ்கள்ல இந்த நிறம் பெரும்பாலும் தெரியாது.

அப்பர்ச்சரைத் திறந்து வச்சு ஃபோகஸ் பண்ணிட்டு, மூடி எடுக்குறது பழைய வழக்கம். திறந்திருந்தா ஆழம் குறைவு, கூர்மையான இடம் எடுப்பா தெரியும். ஆனா சில லென்ஸ்கள்ல மூடும்போது ஃபோகஸ் தளமே நகரும். லென்ஸோட ஓரத்து வழியா வர்ற வெளிச்சமும் நடு வழியா வர்ற வெளிச்சமும் ஒரே புள்ளியில சேராததுதான் காரணம். உங்க லென்ஸ் எப்படின்னு சோதிக்கிறது சுலபம். டிரைபாடு போட்டு, ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்வா வச்சு, 1.4-ல நடுக்கோட்டுக்கு ஃபோகஸ் பண்ணுங்க. ரிங்கைத் தொடாம 2, 2.8, 4 மூணுலயும் எடுங்க. அடுத்தடுத்த படத்துல கூர்மையான கோடு பின்னால தள்ளிப் போச்சுன்னா, அந்த லென்ஸுக்கு எடுக்கப் போற அப்பர்ச்சர்லயே ஃபோகஸ் பண்ணணும். பொதுவா எஃப் 4-ஐத் தாண்டினா, கூடுற ஆழமே அந்த நகர்வை மூடிடும்.

[திரையில்: இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில். முழங்கைகள் விலாவில் ஒட்டி.]

இப்போ கை. லென்ஸோட எடையை உள்ளங்கை தாங்கட்டும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ரிங்கைத் திருப்பட்டும். மேலிருந்து பிடிச்சா திருப்புற ஒவ்வொரு தடவையும் கேமராவும் சேர்ந்து ஆடும்.

வேகம் குறையுறதுக்குப் பெரிய காரணம், முதல்ல தப்பான பக்கம் திருப்புறது. நிக்கானும் கேனானும் எதிரெதிர் திசையில சுத்தும்கிறதையும் ஞாபகம் வைங்க, ரெண்டையும் மாத்தி மாத்திப் பயன்படுத்தினா கை குழம்பும். இதுக்கு ஒரு பழக்கம் போதும். படம் எடுத்து முடிச்சதும் ரிங்கை எப்பவும் இன்ஃபினிட்டிக்கு (ரொம்பத் தூரத்துக்கான முனைக்கு) கொண்டுபோய் விட்டுடுங்க. அடுத்த தடவை கேமராவைத் தூக்கும்போது திரும்ப வேண்டியது ஒரே பக்கம்தான், கைக்கு யோசனையே இல்லை.

அடுத்து, தூரத்தைக் கைக்குக் கத்துக்கொடுங்க. ஒரு பொருளைப் பார்த்து "இது 2 மீட்டர்"னு மனசுக்குள்ள சொல்லுங்க. வியூஃபைண்டரைப் பார்க்காமலே ரிங்கை 2-க்குத் திருப்புங்க. அப்புறம் மேக்னிஃபை பண்ணிச் சரிபாருங்க. உங்க உயரம் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும். அந்த நீளத்தைத் தரையில கிடத்தி அளந்தா மதிப்பீடு சீக்கிரம் பழகும். 1, 1.5, 2, 3 மீட்டர், இந்த நாலும் கைக்கு வந்தா, கண்ணு வியூஃபைண்டருக்குப் போறதுக்குள்ளயே வேலையில பெரும்பகுதி முடிஞ்சிருக்கும். தூரக்குறி இல்லாத, மின்சாரத்துல இயங்குற ரிங்குகள்ல இது கஷ்டம். அதுல பலது, வேகமா சுத்தினா அதிகமாவும் மெதுவா சுத்தினா குறைவாவும் ஃபோகஸை நகர்த்தும், ஒரே கோணத்துக்கு ஒரே தூரம்னு கை பழக வழியில்லை. மெனுவுல லீனியர்னு ஒரு தேர்வு இருந்தா முதல் வேலையா அதை மாத்துங்க.

கடைசித் திருத்தத்துக்கு ஒரு தடவை கூர்மையைத் தாண்டிப் போங்க, ஒரு தடவை திரும்பி வாங்க, அழுத்துங்க. உச்சம் எதுன்னு கண்ணுக்குத் தெரிய அதைத் தாண்டியே ஆகணும். ஆனா மூணாவது, நாலாவது தடவை போய் வர்றதுக்குள்ள எதிர்ல இருக்கவர் நகர்ந்திருப்பார். பழைய லென்ஸ்ல ரிங் கொஞ்சம் காலியா சுத்தினா, அதாவது திருப்பினாலும் முதல்ல எதுவும் நகரலைன்னா, கடைசித் திருப்பத்தை எப்பவும் ஒரே திசையிலிருந்து முடிங்க.

[திரையில்: மேலிருந்து ஒரு வரைபடம். கேமரா, முகம், ஃபோகஸ் தளம். கேமரா 15 டிகிரி திரும்ப, தளம் முகத்துக்குப் பின்னால் போகிறது.]

நடுவுல ஃபோகஸ் பண்ணிட்டு ஃபிரேமைத் திருப்புற வழக்கத்துக்கு இதுதான் கணக்கு. ஒரு மீட்டர் தூரத்துல 15 டிகிரி திருப்பினா, ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால சுமார் 3.4 சென்டிமீட்டர் போயிடும். உங்ககிட்ட இருந்ததே பின்னால ஒன்றரைதான். எஃப் 5.6-ல இது தெரியாது, 1.4-ல படம் வீண். முதல்ல ஃபிரேமை வைங்க, மேக்னிஃபை கட்டத்தைக் கண்ணு இருக்குற இடத்துக்கு நகர்த்துங்க, அப்புறம் ஃபோகஸ் பண்ணுங்க.

நின்னபடி எடுக்கும்போது உடம்பு முன்னும் பின்னும் ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் ஆடும். முதுகைச் சுவர்ல சாய்ங்க, இல்லன்னா ஒரு காலை முன்னால வைங்க. மேக்ரோவுல, அதாவது ரொம்பக் கிட்டப் போய் எடுக்கும்போது, இந்த ஆட்டத்தையே வேலைக்கு எடுத்துக்கலாம். வேண்டிய அளவுக்கு ரிங்கை வச்சு அப்படியே விட்டுட்டு, உடம்பை மெல்ல முன்னால சாய்ச்சுகிட்டே தொடர் படமா நாலஞ்சு எடுங்க. அந்தக் கிட்டத்துல ரிங்கைத் திருப்பினா பொருளோட அளவும் சேர்ந்து மாறும், ஃபிரேம் கெடும்.

கூட்டத்துல, தெருவுல, யாரும் நிக்க மாட்டாங்க. அங்க ஸோன் ஃபோகஸ், அதாவது ரிங்கை ஒரு தூரத்துல வச்சுட்டு, கூர்மையா விழுற எல்லைக்குள்ள வர்றவங்களை எடுக்குறது. 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8, ரிங் 3 மீட்டர்ல. லென்ஸ் மேல இருக்குற ஆழக்குறிகளோட கணக்குப்படி சுமார் 1.9 மீட்டர்ல இருந்து 7.2 மீட்டர் வரைக்கும் கூர்மை. இந்தக் கணக்கு, சென்சார்ல 0.03 மி.மீ. வரை மங்கினா பரவாயில்லைன்னு வச்சுப் போட்டது. திரையில முழு அளவுக்குப் பெரிசாக்கிப் பார்க்குறவங்களுக்கு அது பத்தாது. அதைப் பாதியாக்கினா கிடைக்கிறது 2.3-ல இருந்து 4.2 மீட்டர்தான். சுருக்கமா, எஃப் 8-ல எடுக்கும்போது எஃப் 4-க்குப் போட்டிருக்குற குறிகளைப் படிங்க.

நடந்து வர்றவர் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் நகர்றார். பத்துல ஒரு நொடி தாமதம்னா 14 சென்டிமீட்டர். ரிங்கால துரத்தாதீங்க. அவர் மிதிக்கப் போற தரைக்கோட்டுக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வச்சுட்டு, அவர் அங்க வர்றதுக்கு ஒரு இம்மி முன்னாடி அழுத்துங்க.

வேற கேமராவோட லென்ஸை மாட்ட அடாப்டர் போட்டவங்க இன்ஃபினிட்டி முனையை நம்பாதீங்க. நிறைய அடாப்டர்கள் ஒரு இழை மெலிசா செஞ்சிருப்பாங்க. ரிங் முனையைத் தொடும்போது ஃபோகஸ் இன்ஃபினிட்டியைத் தாண்டியிருக்கும், மத்த தூரக்குறிகளும் தள்ளிப் போயிருக்கும். நட்சத்திரம் எடுக்கப் போனா, பிரகாசமான ஒண்ணை 10 மடங்குல பார்த்து, புள்ளி எங்க ரொம்பச் சின்னதாகுதோ அங்க நிறுத்தி, ரிங்கை டேப் போட்டு ஒட்டிடுங்க.

[திரையில்: மேசை மேல் ஐந்து பேட்டரிகள், சாய்வான வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக.]

தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க, இப்படி அஞ்சு பேட்டரியை வரிசையா வைங்க. நடுவுல இருக்கறதுக்கு ஃபோகஸ் பண்ணி எடுங்க. ரிங்கைக் கலைச்சுட்டு மறுபடி பண்ணுங்க. இப்படிக் கையில பிடிச்சு பத்துப் படம். கூர்மை ஒரு தடவை முன்னால, ஒரு தடவை பின்னாலன்னு சிதறியிருந்தா, டையாப்டரையும் பிடிமானத்தையும் திரும்பப் பாருங்க. டி.எஸ்.எல்.ஆர்ல பத்தும் ஒரே பக்கம் தவறி, லைவ் வியூவுல மட்டும் சரியா வந்தா, ஃபோகஸிங் ஸ்கிரீன் அதுக்குரிய உயரத்துல உட்காரலை, சர்வீஸ்ல சரி பண்ணணும். மிரர்லெஸ்ல நீங்க பார்க்குறதே சென்சார்ல விழுற படம், அதனால ஸ்கிரீன் பிரச்சினைக்கு இடமில்லை. பத்தும் ஒரே பக்கம் தவறினா டிரைபாடுல அதே சோதனையைத் திரும்பப் பண்ணுங்க. அங்கேயும் தவறினா, அது பெரும்பாலும் மூடும்போது தளம் நகர்ற லென்ஸ். டிரைபாடுல சரியா வந்தா, ஷட்டரை அழுத்துற நேரத்துல நீங்க ஒரே பக்கமா சாயுறீங்க. படத்துல முன்வரிசை பேட்டரி கூர்மையா இருந்தா பின்னால சாயுறீங்க, பின்வரிசை கூர்மையா இருந்தா முன்னால.